வயதுவந்தோர் திருமுழுக்கு (கத்தோலிக்கம்)

வயதுவந்தோர் திருமுழுக்கு என்பது, குழந்தைப் பருவத்தில் திருமுழுக்குப் பெறாத ஒருவர் தம் சொந்த விருப்பத்தின் பேரில் கத்தோலிக்க நம்பிக்கையைக் கற்றறிந்து, கத்தோலிக்க திருச்சபையின் உறுப்பினராகச் சேரும் முறை ஆகும். இது ஒரே நாளில் முடிந்துவிடும் சடங்கு அன்று. விசாரித்து அறிதல், கற்றல், தேர்ந்தெடுக்கப்படுதல், அருளடையாளங்களைப் பெறுதல், அதன் பின்னரும் தொடர்ந்து கற்றல் எனப் பல படிகளைக் கொண்டது. இன்று வழக்கிலுள்ள முறை 1972 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள் வெளியிடப்பட்ட சடங்கு நூலை அடிப்படையாகக் கொண்டது.

தமிழ்நாட்டில் இம்முறையின் வரலாற்றை அறிய கன்னியாகுமரி மாவட்டம் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். 16 ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக நடந்த திருமுழுக்குகள், 18 ஆம் நூற்றாண்டில் தனி ஒருவராக முடிவெடுத்து உயிரையும் இழந்த தேவசகாயம் பிள்ளை, இன்றைய படிமுறை ஆயத்தம் ஆகிய மூன்றையும் இங்குக் காணலாம். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காட்டினர்.

## சொற்கள்

திருமுழுக்கு என்னும் அருளடையாளம் பழைய வழக்கில் 'ஞானஸ்நானம்' எனப்பட்டது. திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை ஆகிய மூன்றும் 'புகுமுக அருளடையாளங்கள்' எனப்படும். குழந்தையாகத் திருமுழுக்குப் பெற்றவர் மற்ற இரண்டையும் சில ஆண்டுகள் இடைவெளியில் பெறுகிறார். வயதுவந்தவரோ மூன்றையும் ஒரே வழிபாட்டில் பெறுகிறார்.

இங்கு 'வயதுவந்தோர்' என்னும் சொல் 18 வயது நிறைந்தோரைக் குறிப்பதன்று. திருச்சபைச் சட்டப்படி, பகுத்தறியும் பருவத்தை அடைந்த அனைவரும் இம்முறையிலேயே திருமுழுக்குப் பெற வேண்டும். ஏழு வயது நிறைந்தவர் இப்பருவத்தை அடைந்தவராகக் கருதப்படுகிறார்.

## வரலாறு

### தொடக்கத் திருச்சபை

முதல் நூற்றாண்டுகளில் கிறித்தவராகச் சேர்ந்தோர் பெரும்பாலும் வயதுவந்தவர்களே. உரோமைப் பேரரசில் கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்ட காலத்தில், சேர விரும்புபவரின் நோக்கத்தையும் நடத்தையையும் ஆராய்ந்த பின்னரே அவரை ஏற்றுக்கொண்டனர். இப்போலித்துவுக்கு உரியதாகக் கூறப்படும் 'திருத்தூதர் மரபு' என்னும் பழைய நூல் மூன்று ஆண்டுகள் ஆயத்தத்தைக் குறிப்பிடுகிறது. கிறித்தவம் பரவி, குழந்தைத் திருமுழுக்கு பொது வழக்கமான பின்னர் இந்த ஆயத்தமுறை படிப்படியாகச் சுருங்கி மறைந்தது.

### சவேரியார் காலம்

புனித பிரான்சிசு சவேரியார் 1542 ஆம் ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அங்கிருந்த பரதவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் அவர்களுக்குத் தாய்மொழியில் கற்பிப்பார் இல்லை. சவேரியார் தமிழறிந்தோரின் துணையுடன் முக்கிய செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடமாக ஓதச் செய்தார்.

1544 ஆம் ஆண்டு நவம்பர், திசம்பர் மாதங்களில் அவர் பூவாறு முதல் பள்ளம் வரையிலான கடற்கரை ஊர்களில் முக்குவர்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். ஒரே மாதத்தில் பதினாயிரத்திற்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக 1545 சனவரி 27 ஆம் நாள் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிட்டுள்ளார். அக்கடிதம் அவரது முறையையும் விளக்குகிறது. ஊரார் ஓரிடத்தில் கூட்டப்படுவர். சிலுவை அடையாளம், நம்பிக்கை அறிக்கை, பத்துக் கட்டளைகள், இயேசு கற்பித்த செபம் முதலியவற்றை உரத்த குரலில் அவர் சொல்ல, மக்கள் திருப்பிச் சொல்வர். நம்பிக்கை அறிக்கையின் ஒவ்வொரு பகுதியையும் ஏற்கிறார்களா என்று கேட்ட பின்னர் திருமுழுக்கு நடைபெறும். ஒவ்வொருவருக்கும் அவரது புதிய பெயர் எழுதிக் கொடுக்கப்படும். ஆண்கள் வீடு திரும்பி மனைவி மக்களை அனுப்புவர்.

இங்கு முடிவெடுத்தது தனி ஒருவர் அல்லர், ஊர். கற்பித்தலின் பெரும்பகுதியும் திருமுழுக்கிற்குப் பின்னரே நடந்தது. அப்பணியைச் செய்ய ஒவ்வோர் ஊரிலும் செபங்களின் படி ஒன்று விடப்பட்டு, ஓதுவிப்பதற்கு ஒருவர் அமர்த்தப்பட்டார். பிற்காலத்தில் 'உபதேசியார்' என்று அறியப்பட்ட ஊழியரின் முன்னோடிகள் இவர்களே.

### கற்பிப்பதற்கான தமிழ் நூல்கள்

கற்பிக்கும் தேவையே தமிழ் அச்சுக்கலையின் தொடக்கத்திற்கும் காரணமாயிற்று. அன்றிக்கு அன்றிக்கசு அடிகளார் 1578 ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', இந்தியாவில் அச்சான முதல் தமிழ் நூல் ஆகும். கத்தோலிக்க செபங்களையும் அடிப்படைக் கொள்கைகளையும் கொண்ட சிறுநூல் இது. 'கிரிசித்தியானி வணக்கம்' 1579-இல் கொச்சியில் அச்சாயிற்று. 18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் உபதேசியார்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலை எழுதினார். கற்பிப்பவர் எவ்வாறு வாழ வேண்டும் என்பதை இந்நூல் எடுத்துரைக்கிறது.

## தேவசகாயம் பிள்ளை

தனி ஒருவர் கத்தோலிக்கராகச் சேர்ந்ததற்கு இம்மாவட்டத்தில் மிகவும் அறியப்பட்ட சான்று நீலகண்ட பிள்ளையின் வாழ்க்கை ஆகும். இவர் 1712 ஏப்ரல் 23 ஆம் நாள் நட்டாலத்தில் ஒரு நாயர் குடும்பத்தில் பிறந்தார். மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மனாபபுரம் அரண்மனையில் அலுவலராகப் பணிபுரிந்தார்.

1741 ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்ற ஒல்லாந்துப் படையைச் சேர்ந்த எசுத்தாக்கியுசு தெ லனாய் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பைப் பெற்றார். இவர் கத்தோலிக்கர். நீலகண்ட பிள்ளைக்கும் இவருக்கும் நட்பு ஏற்பட்டது. நீலகண்ட பிள்ளையின் குடும்பத்தில் கால்நடைகளும் பயிரும் அழிந்து இழப்புகள் தொடர்ந்தபோது, அதன் காரணம் என்னவென்று அவர் கலங்கினார். தெ லனாய் விவிலியத்திலுள்ள யோபுவின் கதையை அவருக்குக் கூறினார் என்பது மரபு. நேர்மையாக வாழ்ந்த ஒருவர் உடைமைகளையும் மக்களையும் இழந்தும் கடவுள்மீது கொண்ட பற்றை விடாத கதை அது. அதிலிருந்து எழுந்த கேள்விகளே அவரைக் கிறித்தவ நம்பிக்கையை விசாரித்து அறியத் தூண்டின.

திருமுழுக்குப் பெற விரும்பிய அவரைத் தெ லனாய் ஒரு கடிதத்துடன் வடக்கன்குளத்திற்கு அனுப்பினார். இவ்வூர் தற்போது திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளது. அக்காலத்தில் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் அமைந்த இயேசு சபைப் பணித்தளம் இது. அங்கிருந்த பரஞ்சோதிநாதர் எனப்படும் புத்தாரி அடிகளார், மன்னரின் அலுவலர் ஒருவர் இம்முடிவால் எதிர்கொள்ளக்கூடிய இடர்களை அறிந்து, அவரது உறுதியைச் சோதித்த பின்னரே ஏற்றுக்கொண்டார். 1745 மே 14 ஆம் நாள் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றார். 'லாசர்' என்னும் விவிலியப் பெயரின் பொருளைத் தழுவி 'தேவசகாயம்' என்னும் பெயர் அவருக்கு இடப்பட்டது. அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் பின்னர் திருமுழுக்குப் பெற்று 'ஞானப்பூ' என்னும் பெயரை ஏற்றார்.

தேவசகாயம் பிள்ளை 1749 ஆம் ஆண்டில் கைது செய்யப்பட்டார். எருக்கம்பூ மாலை அணிவிக்கப்பட்டு, எருமையின்மேல் அமர்த்தப்பட்டு, ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டார். மூன்று ஆண்டுகள் சிறைவாழ்வுக்குப் பின்னர் 1752 சனவரி 14 ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய எஞ்சிய உடல் கோட்டாறு புனித சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டது. 1756 ஆம் ஆண்டிலேயே கொச்சி ஆயர் இவருடைய இறப்பைக் குறித்து உரோமைக்கு அறிக்கை அனுப்பினார்.

இத்தண்டனையின் காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. சமயம் மாறியதும், உயர்சாதி வழக்கங்களைக் கைவிட்டு எல்லாச் சாதியினருடனும் கலந்து பழகியதுமே காரணம் என்பது கத்தோலிக்க மரபு. மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் கிறித்தவர்கள் உயர்பதவிகளில் இருந்தனர் என்பதைச் சுட்டிக்காட்டி, அரசுக்கு எதிரான குற்றச்சாட்டே காரணம் என்று கருதுவோரும் உளர்.

2012 திசம்பர் 2 ஆம் நாள் நாகர்கோவிலில் இவருக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. 2022 மே 15 ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிசு இவரைப் புனிதராக அறிவித்தார். புனிதர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர் இவரே.

## இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்

1963 திசம்பர் 4 ஆம் நாள் வெளியான திருவழிபாடு பற்றிய ஏடு, வயதுவந்தோருக்கான பழைய படிமுறை ஆயத்தத்தை மீண்டும் நடைமுறைப்படுத்துமாறு பணித்தது. 1965 திசம்பர் 7 ஆம் நாள் வெளியான மறைபரப்புப் பணி பற்றிய ஏடு, இவ்வாயத்தம் வெறும் கொள்கை விளக்கம் அன்று, கிறித்தவ வாழ்வு முழுவதற்குமான பயிற்சி என்று கூறியது. அதே நாளில் வெளியான சமய உரிமை பற்றிய ஏடு, நம்பிக்கையை ஏற்குமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்று வலியுறுத்தியது. இக்கருத்துகள் 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றன.

## படிநிலைகள்

இன்றைய முறையில் நான்கு காலங்களும், அவற்றை இணைக்கும் மூன்று சடங்குகளும் உள்ளன.

### விசாரித்து அறியும் காலம்

ஆர்வமுள்ளவர் பங்குத்தந்தையையோ, தமக்கு அறிமுகமான கத்தோலிக்கர் ஒருவரையோ அணுகுவதுடன் இது தொடங்குகிறது. இக்காலத்தில் அவர் எந்த வாக்குறுதியும் அளிப்பதில்லை. கேள்விகள் கேட்கலாம், வழிபாட்டில் கலந்துகொள்ளலாம், விலகியும் செல்லலாம். ஆனால் நற்கருணை உட்கொள்ளலாகாது. ஒருவர் எந்த நோக்கத்துடன் வருகிறார் என்பதை அறிவதும் இக்காலத்தின் பணியாகும்.

### ஆயத்தநிலை

நம்பிக்கை அரும்பிய பின்னர் ஏற்புச் சடங்கு நடைபெறும். வேண்டுபவரின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையப்பட்டு, அவர் இறைவார்த்தையைக் கேட்கக் கோவிலுக்குள் அழைக்கப்படுவார். அவரது பெயர் இதற்கெனவுள்ள பதிவேட்டில் எழுதப்படும். அன்று முதல் அவர் திருச்சபையுடன் சிறப்பான உறவு உடையவர் ஆகிறார். திருமுழுக்கிற்கு முன் இறந்துவிட்டால் அவருக்குக் கத்தோலிக்க முறைப்படி அடக்கச் சடங்கு செய்ய இடமுண்டு.

இக்காலத்தில் விவிலியம், நம்பிக்கை அறிக்கை, அருளடையாளங்கள், ஒழுக்கநெறி, செபம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. பங்குத்தந்தை, அருட்சகோதரி, உபதேசியார் அல்லது பயிற்சி பெற்ற பொதுநிலையினர் கற்பிப்பர். ஆயத்தநிலைக்கு எல்லாருக்கும் பொருந்தும் கால அளவு இல்லை. ஒருவருக்குச் சில மாதங்கள் போதும். வேறொருவருக்குச் சில ஆண்டுகள் தேவைப்படலாம்.

### தூய்மை பெறும் காலம்

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று தேர்ந்தெடுப்புச் சடங்கு நடைபெறும். இதனை வழக்கமாக ஆயர் நடத்துவார். ஞானத்தந்தை அல்லது ஞானத்தாய், வேண்டுபவரின் தகுதிக்குச் சான்று பகர்வார். ஞானப்பெற்றோர் 16 வயது நிறைந்த, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருத்தல் வேண்டும்.

தவக்காலத்தின் 3, 4, 5 ஆம் ஞாயிறுகளில் ஆய்வுச் சடங்குகள் நடைபெறும். இவற்றில் யோவான் நற்செய்தியிலிருந்து சமாரியப் பெண், பிறவிப் பார்வையற்றவர், உயிர்பெற்ற லாசர் ஆகியோரின் நிகழ்ச்சிகள் வாசிக்கப்படும். தாகம் தணிதல், பார்வை பெறுதல், உயிர் பெறுதல் என்னும் மூன்றும் திருமுழுக்கின் பொருளை விளக்குவனவாகக் கொள்ளப்படுகின்றன. நம்பிக்கை அறிக்கையும் இயேசு கற்பித்த செபமும் இக்காலத்தில் முறையாக அவரிடம் ஒப்படைக்கப்படும்.

### பாஸ்கா திருவிழிப்பு

உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தைய இரவில் புகுமுக அருளடையாளங்கள் அளிக்கப்படும். புனிதர் மன்றாட்டுமாலை, தண்ணீரை மந்திரித்தல், தீமையை விட்டுவிடுவதாக அறிக்கையிடுதல், நம்பிக்கையை அறிக்கையிடுதல் ஆகியவற்றுக்குப் பின் திருமுழுக்கு நடைபெறும். தண்ணீரில் மூழ்கச் செய்தோ, தலையில் மும்முறை தண்ணீர் ஊற்றியோ தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் இது அளிக்கப்படும். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர் வெண்ணிற ஆடையையும், பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியையும் பெறுவார். தொடர்ந்து கிறிஸ்மா எண்ணெயால் உறுதிப்பூசுதலும், அதே திருப்பலியில் முதல் நற்கருணையும் அளிக்கப்படும். வயதுவந்தோருக்குத் திருமுழுக்கு அளிக்கும் குருவே உறுதிப்பூசுதலும் அளிக்கச் சட்டம் அதிகாரம் தருகிறது.

### மறைபொருள் விளக்கக் காலம்

பாஸ்கா காலத்தின் ஞாயிறுகளில், தாம் பெற்றவற்றின் பொருளைப் புதியவர்கள் சமூகத்துடன் சேர்ந்து சிந்திப்பர். தூய ஆவிப் பெருவிழாவையொட்டி இக்காலம் நிறைவடையும்.

சாகும் தறுவாயில் இருப்பவருக்கு இப்படிகள் அனைத்தும் தேவையில்லை. அவர் அடிப்படை நம்பிக்கையை அறிந்து, திருமுழுக்குப் பெறும் விருப்பத்தை ஏதேனும் ஒரு வகையில் தெரிவித்து, கிறித்தவ நெறியைக் கடைப்பிடிக்க உறுதிகூறினால் போதும்.

## பிற சபையிலிருந்து வருவோர்

திருமுழுக்கு ஒருமுறை மட்டுமே பெறத்தக்கது. ஆதலால் தென்னிந்தியத் திருச்சபை போன்ற சபைகளில் தண்ணீரால் மூவொரு கடவுளின் பெயரில் திருமுழுக்குப் பெற்றவருக்கு மீண்டும் திருமுழுக்கு அளிக்கப்படுவதில்லை. அவர் ஒப்புரவு அருளடையாளம் பெற்று, கத்தோலிக்க நம்பிக்கையை அறிக்கையிட்டு, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெறுகிறார். 1806 முதல் மயிலாடியை மையமாகக் கொண்டு சீர்திருத்தச் சபைப் பணி வளர்ந்த இம்மாவட்டத்தில் இது நடைமுறை முக்கியத்துவம் உடையது.

நாகர்கோவில் பகுதியில் நெடுங்காலமாகப் பணியாற்றிவரும் இரட்சணிய சேனை திருமுழுக்குச் சடங்கை நடத்துவதில்லை. அங்கிருந்து வருபவர் வேறு எங்கும் திருமுழுக்குப் பெற்றிராவிடில், கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவராயினும் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற வேண்டும். முன்னர் பெற்ற திருமுழுக்கு செல்லுமா என்பதில் நியாயமான ஐயம் நீடித்தால் மட்டுமே நிபந்தனைத் திருமுழுக்கு அளிக்கப்படும்.

## மூன்று வழிபாட்டு மரபுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கத்தோலிக்கராகச் சேர விரும்புபவர் மூன்று மரபுகளைக் காணலாம்.

* இலத்தீன் மரபு: கோட்டாறு மறைமாவட்டம் (1930), குழித்துறை மறைமாவட்டம் (2014)
* சீரோ மலங்கரா மரபு: மார்த்தாண்டம் மறைமாவட்டம் (1996)
* சீரோ மலபார் மரபு: தக்கலை மறைமாவட்டம் (1996)

14 வயது நிறைந்தவர் தாம் விரும்பும் மரபைத் தேர்ந்துகொள்ளலாம். நம்பிக்கை ஒன்றே, வழிபாட்டு முறையும் சட்டத் தொகுப்பும் வேறு. கிழக்கத்திய மரபுகளுக்கு 1990 ஆம் ஆண்டின் கீழைத் திருச்சபைகளின் சட்டத் தொகுப்பு பொருந்தும்.

## திருமணமும் திருமுழுக்கும்

கத்தோலிக்கர் ஒருவரைத் திருமணம் செய்வதற்காகவே பலர் திருமுழுக்குக் கேட்டு வருகின்றனர். ஆனால் திருமுழுக்குப் பெறாதவர் கத்தோலிக்கரை மணக்கத் திருமுழுக்குப் பெற்றே ஆகவேண்டும் என்பதில்லை. ஆயரின் விதிவிலக்கு பெற்றுக் கோவிலிலேயே திருமணம் செய்யலாம். ஆகவே திருமண நாளுக்காக அவசரமாகத் திருமுழுக்கு அளிப்பது இம்முறையின் நோக்கத்திற்கு ஏற்றதன்று. ஏற்கெனவே மணமானவர் திருமுழுக்குக் கேட்டால், அவருடைய மணவாழ்வு நிலை முதலில் ஆராயப்படும்.

## சட்டமும் சமூகமும்

இந்திய அரசியலமைப்பின் 25 ஆம் உறுப்பு, மனச்சான்று உரிமையையும் ஒரு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையையும் அளிக்கிறது. பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை அன்று என உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இயற்றப்பட்டு, 2004-இல் திரும்பப் பெறப்பட்டது.

சேர்பவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய விளைவுகளும் உள்ளன. 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கும், பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களால் சீக்கியருக்கும் (1956) பௌத்தருக்கும் (1990) மட்டுமே உரியது. கிறித்தவராகும் ஆதிதிராவிடர் அத்தகுதியை இழந்து, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகிறார். 1955 ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி, வாழ்க்கைத்துணை வேறு சமயத்திற்கு மாறுவது மணமுறிவு கோருவதற்கான காரணங்களுள் ஒன்று. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மாறியவர் தம் உரிமையை இழப்பதில்லை. ஆனால் அதன் பின்னர் அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள், இந்து உறவினரின் சொத்தில் வாரிசுரிமை பெற இயலாது.

சாதி வேறுபாட்டிலிருந்து விடுபடும் நோக்குடன் சேர்ந்தோர் திருச்சபைக்குள்ளும் அதனைக் கண்டதுண்டு. தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திலேயே, 19 ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கோவிலில் வெள்ளாளரும் நாடாரும் தனித்தனியே அமரத் தடுப்புச் சுவர் இருந்தது. அச்சுவர் 1910 ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. புனிதர் பட்டமளிப்பின்போது சாதிப்பெயரான 'பிள்ளை' தவிர்க்கப்பட்டு, அவர் 'தேவசகாயம்' என்னும் திருமுழுக்குப் பெயராலேயே அறிவிக்கப்பட்டார்.